மோந்து பார்த்த மண்

என் அடிவயிற்றின் வலது பக்கத்தில் இருக்கும் கிட்னி என் தங்கையுடையது. ஊரில் அண்ணன்தான் தங்கைக்குச் சீர் செய்வான். எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ். ஏழு வருடங்களுக்கு முன்பு அவள் செய்த அந்தச் சீரை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் காபி குடித்துக்கொண்டு, அவளிடமே சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அதைப் போன வருடம் ஒரு கைப்பிடி மண்ணால் தொலைக்கப் பார்த்தேன். அதில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவளைப் பற்றி நிறைய இருக்கிறது.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் சித்தூர்-திருப்பதி ரூட்டில், மொட்டைத் தலைகளுக்கும் லட்டுப் பைகளுக்கும் நடுவில் நின்று டிக்கெட் கிழித்திருக்கிறேன். சித்தூரில் ஏறிவிட்டுக் காணிப்பாக்கத்தில் ஏறினேன் என்று சாதிப்பவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். "எங்கே ஏறினே? நிஜமா சொல்லு" என்று அதட்டுவதில் எனக்கு ஒரு தனி சுகம் இருந்தது. அந்தக் கேள்வி ஒருநாள் என்னைப் பார்த்துத் திரும்பும் என்று யார் கண்டது?

தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள், எனக்கு இன்னும் 'பாப்பா'தான். ஏழாவதோடு படிப்பு நின்றுபோனது. சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் நிறைய உண்டு. சீசன் வந்தால் அங்கே பழம் தரம் பிரிக்கப் போவாள். பெல்ட்டில் பழங்கள் வரிசையாக ஓடிவரும், இரண்டு பக்கமும் பெண்கள் நின்று அழுகலைப் பொறுக்கி எறிவார்கள். மற்றவர்கள் எறிந்துவிட்டு அடுத்த பழத்தைப் பார்ப்பார்கள். இவள் அப்படி இல்லை. பூசணம் பிடித்த பழம் ஒன்று கையில் பட்டால் போதும், பெல்ட்டை நிறுத்தச் சொல்லுவாள். "இது எந்த டிராக்டர்ல வந்துது? மரத்துல பறிச்சதா, கீழ வுழுந்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் சொன்ன லோடைக் கொட்டிப் பார்த்தால் அடியில் இருப்பதெல்லாம் தரையில் விழுந்து, மண் ஒட்டிக்கொண்ட பழமாக இருக்கும். "பூசணம் பழத்துல பொறக்கறது இல்ல, மண்ணுல கீது. அது எங்க தொட்டுதுன்னு பாக்கணும்" என்பாள்.

எனக்கு இதெல்லாம் கேலியாக இருந்தது. வீட்டில் தக்காளி அழுகினால்கூட, "பாப்பா, இது எந்த டிராக்டர்மா?" என்று சீண்டுவேன்.

கிட்னி வைத்த நாளிலிருந்து எனக்குக் காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் மாத்திரை. எதற்கு என்று திருப்பதியில் இருக்கும் கிட்னி மேடம் முதல் நாளே விளக்கினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி வீட்டு நாய் மாதிரி. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கடிக்கக்கூடாது என்று நாயைக் கட்டிப்போடுகிறோம். விருந்தாளி நிம்மதியாக இருப்பார். ஆனால் திருடன் வந்தாலும் நாய் கட்டின இடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் திருடன் வராமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர், வீட்டுச் சாப்பாடு, கூட்டத்தில் மாஸ்க். "ஊருக்குப் போறதுன்னா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்பதும் அதில் ஒன்று.

மற்றதையெல்லாம் கேட்டேன். அந்தக் கடைசி ஒன்றை மட்டும் விட்டேன்.

மகள் அமெரிக்காவில் அரிசோனா என்ற இடத்தில் இருக்கிறாள். பிரசவத்துக்கு என் மனைவி போக வேண்டியிருந்தது. நானும் வருகிறேன் என்றேன். பேத்தியோ பேரனோ, பிறந்த உடனே பார்க்க வேண்டும் என்ற ஆசை. மேடத்திடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று பயம். ஊரில் விவசாய வேலை, அடிக்கடி வர முடியாது என்று புளுகி மூன்று மாதத்து மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

தங்கை மட்டும் விடவில்லை. "சொல்லிட்டுப் போ ணா. அவங்க ஒன்னும் ஒன்ன கட்டிப் போடமாட்டாங்க."

"தங்கச்சியா இரு. டாக்டராவாதே" என்றேன்.

"கிட்னி குடுத்தவ நானு. கேக்கறதுக்கு எனக்குப் பாத்யத கீது."

சொல்லிக் காட்டுகிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பயணத்தில் நான் வெகு ஜாக்கிரதை. இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் மாஸ்க்கை இறக்கவே இல்லை. அவர்கள் கொடுத்த சாலடைத் தொடவில்லை. மகள் வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தேன். மருமகன் தும்மினால் நான் அடுத்த அறைக்கு ஓடுவேன். பேத்தி பிறந்து, அவளை முதலில் வாங்கியபோது கையை மூன்று தடவை கழுவினேன்.

புது வீடு அது. ஊர் எல்லையில், பாலைவனத்தை வெட்டிக் கட்டியது. பின்பக்கம் வெறும் மண். காற்றடித்தால் செம்மண் புழுதி கண்ணாடியெல்லாம் படியும். மகள் கட்டிலில் படுத்துக்கொண்டே, "நைனா, பின்னாடி ஒரு முருங்க வச்சிக் குடு" என்றாள். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இங்கே எங்கள் குடும்பத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் நைனா காலம் வரைக்கும் எங்களுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் கூலிதான். பிறகு அரசாங்கம், நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் டி.கே.டி. பட்டாவில் இரண்டு ஏக்கர் கொடுத்தது. கல்லும் முள்ளுமான மேட்டு நிலம். பட்டா கைக்கு வந்த அன்று நைனா அங்கே போய் உட்கார்ந்து, ஒரு கை மண்ணை அள்ளி, பொடித்து, மூக்கருகில் வைத்து நெடுநேரம் இழுத்து மோந்தார். ஒரு சிட்டிகை நாக்கிலும் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எந்த மண்ணில் செடி வைத்தாலும் முதலில் மோந்து பார்க்க வேண்டும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதுகூட, பையனைப் பார்ப்பதற்கு முன்னால் நைனா அவர்கள் வீட்டுக் கொல்லை மண்ணைத்தான் மோந்தார்.

அந்த நைனாவின் மகன்தானே நான். கடப்பாரை வைத்து அரை மணி நேரம் குத்தினேன். மண் காய்ந்து மாவாக எழும்பியது. மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினேன். இரண்டு கையாலும் அள்ளி, பொடித்து, முகத்தைப் புதைத்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். என் மகளுக்குச் சொந்தமான மண். கூலிக்காரன் பேத்திக்கு அமெரிக்காவில் மண். கண்ணில் நீர் வந்துவிட்டது. நாக்கிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் மூக்கால் கெட்டேன்.

மனைவி மகளோடு தங்கிவிட, நான் மட்டும் ஊர் திரும்பினேன். வந்து பத்து நாளில் இருமல். சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் பனியன் நனைந்திருக்கும். முழங்காலெல்லாம் வலி. சோற்றைப் பார்த்தாலே திகட்டல். சித்தூரில் ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். முடிந்ததும் இன்னொன்று. பிறகு எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, சளியில் கிருமி தெரியாவிட்டாலும் டி.பி.யாகத்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதினார்கள். எங்கள் பக்கம் இருமலும் மெலிவும் சேர்ந்து வந்தால் டி.பி. என்று நினைப்பதில் அவர்கள்மேல் தப்பும் இல்லை.

மாத்திரை அட்டையைத் தங்கை என் கையிலிருந்து பிடுங்கினாள். "கிட்னி மேடத்தைக் கேக்காம ஒன்னுகூட துன்னக் கூடாது."

"டி.பி.க்கும் கிட்னிக்கும் இன்னா சம்மந்தம்?"

"எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்களாண்ட போலாம், கெளம்பு."

அன்றைக்கு ஃபேக்டரியில் உச்ச சீசன். லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவள் கேட்கவே இல்லை, போன் போட்டு வரவில்லை என்று மட்டும் சொன்னாள். நான் முப்பது வருடம் நின்றுகொண்டு போன ரூட்டில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துத் திருப்பதிக்கு இட்டுக்கொண்டு போனாள். பஸ்ஸில் இருந்த கண்டக்டர் என்னிடம் பயிற்சி பெற்றவன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு வற்றிப் போயிருந்தேன்.

கிட்னி மேடம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். நல்லவேளை சாப்பிடவில்லை என்றார். இதில் ஒரு மாத்திரை கிட்னி மாத்திரையின் வேகத்தைக் கரைத்துவிடுமாம். அளவை மாற்றாமல் சாப்பிட்டிருந்தால், உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பித்திருக்கும். கெட்ட பழத்தைக் கண்டுபிடித்த அன்றைக்கு இருக்கும் முகம்தான் தங்கைக்கு அப்போதும் இருந்தது.

என்னை அட்மிட் செய்து, ஸ்கேன் எடுத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு நுரையீரலிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். மறுநாள் மேடம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழும் கலந்து பேசுவார்.

"டி.பி. மாதிரி இல்லை. பூசணமா இருக்கலாம்னு சந்தேகம். பூசணத்துல பல ரகம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. எங்கயாவது போனீங்களா? குகை, வவ்வால் இருக்கிற இடம், புறா எச்சம், வெளியூர்?"

"எங்கயும் போகல மேடம்" என்றேன்.

"பூசணமா?" என்றாள் தங்கை. குரல் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "எங்க வுழுந்த நீ? எந்த மண்ணுல வுழுந்த?"

"சும்மா இரு பாப்பா."

மேடம் பேனாவை மூடப் போனார். தங்கை எழுந்து நின்றாள். "மேடம், அவரு பொய் சொல்றாரு. அமெரிக்கா போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தாரு. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாரு. நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன், தப்பு என்னோடதும்தான்."

பெற்ற நைனா அடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். அவளை முறைத்தேன். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

மேடம் கோபப்படவில்லை. "அமெரிக்கால எந்த ஊர்? நிஜம் செப்பண்டி, நிஜமா சொல்லுங்க" என்றார். நான் பஸ்ஸில் எத்தனை பேரிடம் கேட்ட கேள்வி! அரிசோனா என்றேன். அவர் கை அப்படியே நின்றது. "அங்க மண்ணைத் தோண்டினீங்களா?"

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை, மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆனால் அவளும் அதே நைனாவின் மகள்தானே.

"மோந்து பாத்தியா ணா?" என்றாள் மெதுவாக.

தலையை ஆட்டினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மேடம் எழுந்து போனை எடுத்து முதலில் பேசியது லேபுக்கு. என் நுரையீரல் தண்ணீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் தட்டுகளை யாரும் திறக்கக் கூடாது, மூடி ஒட்டித் தனியாக வைக்க வேண்டும் என்றார். பிறகுதான் எங்களுக்கு விளக்கினார். அந்தப் பாலைவன மண்ணில் குடியிருக்கும் பூசணம் அது. மண் கிளறினால் தூசியோடு எழும்பும். நல்ல உடம்புக்காரர்களுக்குப் பெரும்பாலும் சளிக் காய்ச்சல்போல வந்து போய்விடும், பலருக்கு வந்ததே தெரியாது. நாயைக் கட்டிப்போட்ட வீட்டில்தான் அது கூடாரம் அடிக்கும். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. ஆனால் லேப் தட்டில் வளர்ந்துவிட்டால், தெரியாமல் மூடியைத் திறப்பவர் மூச்சில் போய்விடும்.

"லேப்ல இருக்கிறது சின்னப் பொண்ணு. உங்க தங்கச்சிக்கு நான் அவ சார்பாவும் தேங்க்ஸ் சொல்லணும்" என்றார். நான் சொன்ன பொய், முகமே தெரியாத ஒரு பெண்ணின் மூக்கு வரைக்கும் போயிருக்கிறது. அதைக் கேட்டபின் தங்கைமேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

வெளியூர் லேபுக்கு ரத்தம் போய், அதேதான் என்று முடிவு வந்தது. சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நுரையீரலுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை முதலில் டிரிப்பில் ஏற்ற வேண்டும். அந்த மருந்து கிட்னியை மிதிக்கும். கூடவே நாயின் கயிற்றைத் தளர்த்த, என் பழைய மாத்திரைகளைக் குறைக்க வேண்டும். அதனால் உடம்பு கிட்னியைத் தள்ளிவிடவும் வாய்ப்பு உண்டு. கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

மாட்டேன் என்றேன். வேறு மருந்து இருந்தால் பாருங்கள், மாத்திரையாகக் கொடுங்கள், மெதுவாக ஆனாலும் சரி என்று பிடிவாதம். இந்த அளவுக்குப் போனபின் மெதுவுக்கு நேரமில்லை என்று மேடம் சொல்லிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டேன்.

தங்கை கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் வந்து, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து நின்றாள். "இன்னா ஒன் பிரச்சன?"

"ஒன்னோடது பாப்பா அது. அறுத்துக் குடுத்த. என் திமிருல அதத் தொலச்சிட்டேன்னு ஆகக் கூடாது. நான் போனாக்கூட அது நல்லா இருக்கும்போதே போறேன்."

அவள் என்னை அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கை ஓங்கிய மாதிரிதான் இருந்தது. அந்தக் கையால் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"கிட்னியக் காப்பாத்தறதுக்கா ஒன்ன வச்சினு கீறேன்? ஒன்னக் காப்பாத்தறதுக்குத்தான ணா கிட்னியக் குடுத்தேன். அது போனா போவுது. அத வச்சினு நான் இன்னா பண்றது? நீ போனா எனக்கு ணா ன்னு கூப்ட யாரு கீறாங்க?"

சொல்லிவிட்டுப் பேனாவை என் விரலில் செருகினாள். கையெழுத்துப் போட்டேன்.

டிரிப் ஏறும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். மூன்று போர்வை போர்த்தி அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிர் ஜன்னலில் திருமலை தெரியும். "வேண்டிக்கோ" என்றேன் ஒருநாள். "அவரு கூட்டத்துல கீறாரு. நீ மூச்ச நல்லா இஸ்த்து வுடு" என்றாள். அமெரிக்காவிலிருந்து மனைவி அழுதுகொண்டே கிளம்புகிறேன் என்றபோது, "கொழந்தய வுட்டுட்டு வராத அண்ணி, நான் கீறேன்" என்று அதட்டி வைத்தாள். கிட்னியின் நிலைமையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு மூன்று நாள் ஏறியது. அந்த மூன்று நாளும் அவள் என்னிடம் எண்ணைச் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றே சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கும் தெரியும், எங்கே சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். நான்காம் நாள் இறங்கியது. அன்றைக்கு வராண்டாவில் போய் ஒரு மூலையில் நின்று அழுதாளாம், நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது பூசணத்துக்குத் தினம் மாத்திரை, அநேகமாகக் கடைசிவரைக்கும். கிட்னி நன்றாக வேலை செய்கிறது. செக்கப்பில் மேடம், "எங்கயாவது போனீங்களா?" என்று கேட்டால், பழைய கண்டக்டராக ஸ்டேஜ் ஸ்டேஜாக ஒப்பிக்கிறேன். நாராயணவனத்தில் ஒரு கல்யாணம், போக வர பஸ், மாஸ்க் போட்டிருந்தேன், பந்தியில் தயிர் வேண்டாம் என்றேன். போதும் போதும் என்று சிரிக்கிறார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒன்றையும் விடவில்லை என்று தலையாட்டுகிறாள்.

எந்த மண்ணையும் கிளறக் கூடாது, மோந்து பார்க்கவே கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. எங்கள் மண்ணும் அதில் சேர்த்திதான். போன வாரம் நல்ல மழை. பட்டா நிலத்தில் செத்துப்போன இரண்டு மாங்கன்றுக்குப் பதில் புதுசு வைக்கத் தங்கை கிளம்பினாள், நானும் மாஸ்க்கோடு வரப்பு வரைக்கும் போனேன். குழி வெட்டி முடித்ததும் அவள் ஒரு கை மண்ணை அள்ளிப் பொடித்தாள். வாசனை வரப்பு வரைக்கும் வந்த மாதிரி இருந்தது. என்னை அறியாமல் ஒரு எட்டு வைத்துவிட்டேன்.

அவள் கையை மூடிக்கொண்டாள். "அங்கயே நில்லு ணா."

பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நைனா மாதிரியே நெடுநேரம் இழுத்தாள். ஒரு தடவை. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை.

"எதுக்கு ரெண்டு வாட்டி?" என்றேன்.

"ஒன்னு ஒனக்கு" என்றாள்.

நான் வரப்பிலேயே நின்றேன்.